பாற்பல்லுக்கும் ஓர் எண் உண்டு: புதிதாய்ப் பெற்றோரானவர்களுக்கு

போன வருடம் தரம் இரண்டில் படித்துக்கொண்டிருந்த என் மகள் பாடசாலையிலிருந்து ஒரு துண்டு கொண்டு வந்தாள். பல் பார்க்க வந்தவர்கள் கொடுத்தது. அதில் 36 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் 75. கீழே “காட்டவும்” என்று ஒரே ஒரு சொல். வாயில் முப்பத்தாறு பல் ஏது, எழுபத்தைந்து பல் ஏது என்று யோசித்தபடி துண்டை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

அன்றிரவு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழே, கடைசிக் கொடுப்புப் பல்லில் கடுகளவு கறுப்பு. அந்தப் பல் வந்தபோது எந்தப் பல்லும் விழவில்லை. அதனால் அதுவும் பாற்பல்தான் என்று முடிவு கட்டினேன். “விழுகிற பல்லுத்தானே பிள்ளை, ஏன் அந்தரப்படுறாய்?” என்று அம்மாவும் சொன்னார். நாலு மாதம் கழித்து ஒரு நடுச்சாமத்தில் மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் காட்டியபோதுதான் விளங்கியது: அது பாற்பல் இல்லை, சாகும்வரை இருக்க வேண்டிய நிரந்தரப் பல். சூத்தை நரம்பு வரை போயிருந்தது.

அந்த இரண்டு எண்களை வாசிக்கத் தெரிந்திருந்தால் ஒரு சின்ன அடைப்போடு முடிந்திருக்கும். பிறகு நான் கேட்டும் அலைந்தும் அறிந்ததை வரிசையாகத் தருகிறேன். உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒரு பல்லும் வரவில்லை என்றால் மிக நல்லது. முதலாம் படியிலிருந்தே தொடங்கலாம்.

1. ஒரு கொப்பியும் ஒரு ரோச்சும்

வைத்தியரிடம் போவதற்கு முன்பே வீட்டில் தொடங்கும் வேலை இது. எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதாரப் பதிவேடு, அதாவது தடுப்பூசியும் நிறையும் பதியும் புத்தகம், எந்த உறையில் இருக்கிறதோ அதே உறைக்குள் இதையும் வையுங்கள். ஒரு பல் முரசை, அதாவது ஈறை, வெட்டிக்கொண்டு எட்டிப் பார்த்த திகதி, அதன் எண், அவ்வளவையும் எழுதினால் சரி. பல் துண்டு, எக்ஸ்றே, மருந்துச் சிட்டை எல்லாவற்றையும் அதற்குள்ளேயே ஒட்டி வையுங்கள். லாச்சிக்குள் போட்ட துண்டு எனக்கு உதவவில்லை.

வாய்க்குள் பார்க்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு கதிரைகளை நேருக்கு நேர் போட்டு முழங்கால்கள் முட்ட உட்காருங்கள். பிள்ளை ஒருவரைக் கட்டிப்பிடித்தபடி மடியில் இருக்க, மெல்லப் பின்னால் சாய்த்துத் தலையை மற்றவரின் மடியில் கிடத்துங்கள். தலைப்பக்கம் இருப்பவர் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்க்க வேண்டும். அரை நிமிடம் போதும். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, அழும்போது வாய் நன்றாகத் திறக்கும். மாதம் ஒரு தரம், முதலாம் திகதி என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

2. வாய்க்குள் என்ன இருக்கிறது

பாற்பற்கள் மொத்தம் 20. மேலே 10, கீழே 10. வாயை நடுவால் பிரித்தால் நாலு கால்பகுதி, ஒவ்வொன்றிலும் 5. நடுக்கோட்டிலிருந்து பின்னால் போகும்போது வரிசை இப்படி: நடு வெட்டும்பல், பக்க வெட்டும்பல், வேட்டைப்பல், முதலாம் கடைவாய்ப்பல், இரண்டாம் கடைவாய்ப்பல். பெரியவர்களுக்கு இருக்கும் முன்கடைவாய்ப்பற்கள் பாற்பற்களில் இல்லை. பாற்பல்லாக வந்த கடைவாய்ப்பல் விழுந்த இடத்தில்தான் பிற்காலத்தில் முன்கடைவாய்ப்பல் வரும்.

உருவத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாற்பல் நல்ல வெள்ளை, பால் நிறம் என்றே சொல்லலாம். நிரந்தரப் பல் அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். அது அழுக்கு இல்லை. மஞ்சளாக இருக்கிறதே என்று போட்டு உரஞ்சாதீர்கள். பாற்பல் கடைவாயின் அடிப்பகுதி, முரசுக்குச் சற்று மேலே, புடைத்து இருக்கும். வேர்கள் மெலிந்து, நண்டுக்கால் மாதிரி வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். அந்த விரிவுக்குள்தான் நிரந்தரப் பல்லின் முளை வளர்கிறது.

இனி, பெற்றோர் எல்லாரும் அறிய வேண்டிய ஒன்று. பாற்பல்லின் வெளியோடு, அதுதான் எனாமல், நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறத்தாழப் பாதித் தடிப்புத்தான். உள்ளே நரம்பு இருக்கும் அறையோ பல்லின் அளவுக்குப் பெரியது, அதன் கொம்புகள் மேற்பரப்புக்குக் கிட்டவே வந்து நிற்கும். ஆகவே வெளியே ஒரு புள்ளியாகத் தெரியும் சூத்தை பாற்பல்லில் மிக விரைவாக நரம்பைத் தொட்டுவிடும். “அடுத்த விடுமுறைக்குப் பார்ப்போம்” என்று தள்ளிப்போட இங்கே நேரம் இல்லை.

முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் கவலைப்படாதீர்கள். அது நல்லது, பின்னால் வரப்போகும் பெரிய பற்களுக்கான இடம். மேலே வேட்டைப்பல்லுக்கு முன்பக்கமும் கீழே வேட்டைப்பல்லுக்குப் பின்பக்கமும் இடைவெளி இருப்பது வழமை. மூன்று வயதில் பல் நெருக்கமாக அடுக்கி அழகாக இருந்தால்தான் பிற்காலத்தில் இடம் போதாமல் போகக்கூடும்.

3. எண்ணை வாசிப்பது

இதில்தான் நான் தடுக்கி விழுந்தேன். ஆறுதலாக வாசியுங்கள், ஒரு தரம் விளங்கினால் பிறகு மறக்காது.

வைத்தியர்கள் எழுதும் எண் இரண்டு இலக்கம். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்லும். இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதைச் சொல்லும். 75 என்பதை எழுபத்தைந்து என்று வாசிக்கக் கூடாது, ஏழு ஐந்து என்று பிரித்து வாசிக்க வேண்டும்.

பாற்பல்லுக்கு முதல் இலக்கம் 5, 6, 7, 8:
5 என்றால் மேல் வலது.
6 என்றால் மேல் இடது.
7 என்றால் கீழ் இடது.
8 என்றால் கீழ் வலது.

நிரந்தரப் பல்லுக்கு அதே வரிசையில் 1, 2, 3, 4. பிள்ளையின் முகத்தை நேரே பார்த்தபடி மேலே உங்கள் இடக்கைப் பக்கம் தொடங்குங்கள், மணிக்கூட்டு முள் போகிற திசையில் சுற்றி வரும்.

இரண்டாம் இலக்கம் பாற்பல்லில் 1 முதல் 5 வரை, நிரந்தரப் பல்லில் 1 முதல் 8 வரை. சரி, இப்போது என் துண்டை வாசித்துப் பாருங்கள். 75: ஏழு என்றால் பாற்பல், கீழ் இடது. ஐந்து என்றால் நடுவிலிருந்து ஐந்தாவது, அதாவது இரண்டாம் கடைவாய்ப்பல். 36: மூன்று என்றால் நிரந்தரப் பல், அதே கீழ் இடது. ஆறு என்றால் ஆறாவது, 75க்கு நேர் பின்னால் நிற்பது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பற்களைத்தான் அந்தத் துண்டு காட்டியது.

முதல் இலக்கம் நாலுக்கு மேலே என்றால் விழும் பல். நாலோ அதற்குக் கீழோ என்றால் விழாத பல். இதை மட்டுமாவது கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இங்கே பிழைக்கும் இடம் வலது இடது. வலது என்றால் பிள்ளையின் வலது, உங்களுடையது இல்லை. எனக்கு நேரே நின்ற மகளின் இடது பக்கம் என் வலக்கைப் பக்கம் இருந்தது. நான் தொலைபேசியில் “கீழே வலது பக்கம்” என்று சொல்லிப் பதிந்தேன். போன இடத்தில் நான் சொன்ன பக்கத்துக்கு எக்ஸ்றே எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. திரும்ப மற்றப் பக்கம் எடுக்க வேண்டி வந்தது, இரண்டுக்கும் காசு கட்டினேன். பிள்ளைக்கும் வீண் கரைச்சல். பிள்ளையை எழுதும் கையைத் தூக்கச் சொல்லி, அது எந்தக் கை என்று தெரிந்த பிறகு பக்கத்தைச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி வெளிநாட்டுச் சொந்தம். யாழ்ப்பாணத்தில் சூத்தை என்றால் லண்டனிலிருந்து சித்தி கதைப்பார், அமெரிக்காவிலிருந்து மச்சாள் கதைப்பார். எல்லாரும் அக்கறையோடுதான் கேட்பார்கள். ஆனால் பல்லுக்குப் பெயர் வைக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியாவில் பழகிவந்த முறையில் ஒவ்வொரு கால்பகுதியிலும் நடுவிலிருந்து பின்னால் ஏ, பி, சி, டி, ஈ என்று ஆங்கில எழுத்து. அங்கே ஈ என்றால் கடைசிக் கடைவாய்ப்பல். அமெரிக்காவில் மேல் வலது கடைசிப் பல்லில் ஏ என்று தொடங்கி மேல்வரிசையை முடித்து, கீழ் இடது கடைசிப் பல்லில் கே என்று பிடித்து, கீழ் வலது கடைசிப் பல்லில் ரீ என்று முடிப்பார்கள். அந்தக் கணக்கில் ஈ என்றால் மேல் வலது நடு வெட்டும்பல். ஓரிடத்தில் கடைவாய், மற்ற இடத்தில் முன்பல், எழுத்து ஒன்றே. மகளின் 75 லண்டனில் கீழ் இடது ஈ, அமெரிக்காவில் கே. வட்ஸ்அப்பில் எழுத்தை மட்டும் அனுப்பி ஆலோசனை கேட்காதீர்கள். “கீழே, பிள்ளையின் இடது, நடுவிலிருந்து ஐந்தாவது, பாற்பல்” என்று தமிழில் எழுதினால் எந்த நாட்டில் இருப்பவருக்கும் விளங்கும்.

4. எந்த மாதம் எந்தப் பல்

பொதுவாக வரும் வரிசையும் காலமும் இவை. மாதக் கணக்கு பிறந்த நாளிலிருந்து.

கீழ் நடு வெட்டும்பல் (71, 81): 6 முதல் 10 மாதம்.
மேல் நடு வெட்டும்பல் (51, 61): 8 முதல் 12.
மேல் பக்க வெட்டும்பல் (52, 62): 9 முதல் 13.
கீழ் பக்க வெட்டும்பல் (72, 82): 10 முதல் 16.
மேல் முதலாம் கடைவாய்ப்பல் (54, 64): 13 முதல் 19.
கீழ் முதலாம் கடைவாய்ப்பல் (74, 84): 14 முதல் 18.
மேல் வேட்டைப்பல் (53, 63): 16 முதல் 22.
கீழ் வேட்டைப்பல் (73, 83): 17 முதல் 23.
கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல் (75, 85): 23 முதல் 31.
மேல் இரண்டாம் கடைவாய்ப்பல் (55, 65): 25 முதல் 33.

பட்டியலைப் பாடமாக்கத் தேவையில்லை. ஏழும் நாலும் என்று ஒரு கணக்கு இருக்கிறது: 7 மாதமளவில் முதல் பல், அதிலிருந்து நாலு நாலு மாதமாகக் கூட்டினால் 11 மாதத்தில் 4 பல், 15இல் 8, 19இல் 12, 23இல் 16, 27இல் 20. ஒன்றிரண்டு மாதம் முன்பின் இருக்கும்.

வரிசையில் பலரும் பயப்படும் இடம் ஒன்று. நாலு வெட்டும்பற்கள் வந்த பிறகு வேட்டைப்பல் வராது. ஒரு பல் இடம் விட்டு, பின்னால் முதலாம் கடைவாய்ப்பல் வந்துவிடும். இடையில் வெறும் முரசு தெரியும். “பல்லு ஒன்று தவறிப்போச்சு” என்று பதற வேண்டாம், வேட்டைப்பல் பிறகு வந்து அந்த இடத்தை நிரப்பும்.

மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று வீட்டில் சொன்னால் பெரியவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் பிள்ளைக்கு அதில் ஒரு கெடுதலும் இல்லை, சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் வரும். பிறக்கும்போதே பல்லோடு பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் அது முன்கூட்டியே வந்த கீழ் வெட்டும்பல், மேலதிகப் பல் இல்லை. அது ஆடினாலோ பால் குடிக்கும்போது தொந்தரவு கொடுத்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் யாரையும் பிடுங்க விடாதீர்கள்.

18 மாதமாகியும் ஒரு பல்லும் வரவில்லை என்றால் காட்டுங்கள். ஒரு பக்கம் வந்த பல்லின் சோடி மற்றப் பக்கம் ஆறு மாதம் கழித்தும் வரவில்லை என்றாலும் காட்டுங்கள்.

முதல் பல் வந்ததைக் கொண்டாடிப் பல்லுக்கொழுக்கட்டை சொரியும் நாள் கொப்பியைத் திறக்க நல்ல நாள். தேங்காய்ச் சொட்டுக் குத்திய கொழுக்கட்டையை ஆறவிட்டுத் தலையில் சொரியுங்கள். பிள்ளை பொறுக்கி வாயில் வைக்கக்கூடிய துண்டுகளை உடனே கூட்டி எடுத்துவிடுங்கள், அந்த வயதில் தேங்காய்ச் சொட்டு தொண்டையில் சிக்கும். படம் எடுப்பவரிடம் வாயையும் கிட்ட வைத்து ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் சின்னவனின் 71 வந்த திகதி எனக்கு அந்தப் படத்திலிருந்துதான் கிடைத்தது.

5. பல் முளைக்கும் மாதங்களில் விடும் பிழைகள்

பெரிய பிழை காய்ச்சலைப் பல்லின் தலையில் போடுவது. பல் முளைக்கும்போது வீணீர் வடியும், கையைக் கடிக்கும், சிணுங்கும், உடம்பு கொஞ்சம் சுடலாம். 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல், தொடர்ந்து வயிற்றோட்டம், வாந்தி என்றால் அது பல்லால் வந்தது இல்லை. நம் நாட்டில் 6 மாதத்தில் ஒரு தடுப்பூசி இருக்கிறது, முதல் பல்லும் அந்த நாட்களிலேயே வரும். ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சலையும் பல்லுக் காய்ச்சல் என்பார்கள், உண்மையான தொற்றையும் பல்லுக் காய்ச்சல் என்பார்கள். பிந்தியதில்தான் ஆபத்து. சந்தேகம் என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், காய்ச்சல் குறையவில்லை என்றால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

முரசு மரத்துப்போகப் பூசும் களிம்புகளில் பென்சோகெயின் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பூசாமல் விட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது கூடாது, இரத்தம் ஒட்சிசன் கொண்டு போவதைக் கெடுத்துவிடக்கூடும். ஒரு வயதுக்கு முன் தேனும் தடவக் கூடாது. சுத்தமான துணியை நனைத்துக் குளிரூட்டியில் வைத்து எடுத்துக் கடிக்கக் கொடுங்கள், சுத்தமான விரலால் முரசைத் தேய்த்துவிடுங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

பல் வரப்போகும் இடத்தில் நீலமாக ஒரு கொப்புளம் வந்தால் பயப்படாதீர்கள், ஊசியால் குத்தவும் வேண்டாம். பெரும்பாலும் பல் வெளியே வந்ததும் தானே போய்விடும்.

அடுத்தது இரவுப் போத்தல். சீனி போட்ட பாலோ இனிப்புத் தண்ணியோ வாயில் வைத்தபடி தூங்கும் பிள்ளைக்கு முதலில் அரிப்பது மேல் முன்பல். கீழ் முன்பல்லை நாக்கும் எச்சிலும் மூடிக் காப்பாற்றிவிடும். அதனால்தான் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். முரசை ஒட்டிச் சுண்ணாம்பு தடவிய மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே தொடக்கம். அந்த நிலையில் காட்டினால் துளைக்காமலே நிறுத்த வழி உண்டு. மண்ணிறமாகும்வரை பார்த்திருக்காதீர்கள்.

முதல் பல் வந்த நாளே பிரஷ் தொடங்க வேண்டும், காலையும் இரவும். மூன்று வயதுவரை பற்பசை ஓர் அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணியளவு. புளோரைட் 1000 பிபிஎம்மாவது இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். குழந்தைப் பற்பசை என்று விற்கும் எல்லாவற்றிலும் அது இருக்காது. ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர்தான் தீட்டிவிட வேண்டும். நல்லூர்த் திருவிழாவில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், அதில் ஒன்றும் இல்லை. ஒரே தடவையில் உண்பதைவிட, ரொபியும் பிஸ்கட்டுமாக நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்புவதுதான் பல்லை அரிக்கும்.

6. முதல் தரம் காட்டப் போகும்போது

எப்போது? ஒரு வயதுக்குள். நோ வந்த பிறகு முதல் தரம் போனால் பிள்ளைக்கு அந்த அறையே பயமாகிவிடும். 12 மாதத் தடுப்பூசிக்குப் போகும் கிழமையிலேயே பல்லையும் காட்டுவது என்று வைத்துக்கொண்டால் நினைவிருக்கும்.

எங்கே? அரச பற்சிகிச்சை இலவசம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நகரத்தில் இருக்கிறது. வடமராட்சிக்காரருக்குப் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை, வலிகாமம் வடக்குக்குத் தெல்லிப்பழை, தென்மராட்சிக்குச் சாவகச்சேரி கிட்ட. சின்ன அடைப்புக்கும் பரிசோதனைக்கும் கிட்டிய இடமே போதும், அங்கே முடியாததை அவர்களே எழுதி அனுப்புவார்கள். 3 முதல் 13 வயதுவரை பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களும் பார்க்கின்றன. உங்கள் பிரதேசத்தில் எது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள்.

என்ன கொண்டு போவது? பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, பாடசாலை தந்த துண்டு, முன்னர் எடுத்த எக்ஸ்றே, குடிக்கும் மருந்துகளின் பெயர், உங்கள் கொப்பி. இருதயத்தில் ஓட்டை போன்ற குறை, இரத்தம் நிற்காத தன்மை, ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை என்றால் கதிரையில் ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள். “பல்லுத்தானே, அதை ஏன் சொல்ல” என்று விடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துத்தான் பல்லில் கை வைப்பார்கள்.

எந்த நேரம்? காலையில் நேரத்தோடு போய்த் துண்டு எடுங்கள். சாப்பாடு கொடுத்துவிட்டுப் போங்கள், தூங்கும் நேரத்தைத் தவிருங்கள். போயா நாளா என்று கலண்டரைப் பாருங்கள். நான் ஒரு தரம் பார்க்காமல் போய்த் திரும்பினேன்.

செலவு? அரச இடத்தில் ஓட்டோக் காசும் அரைநாள் லீவும்தான். தனியாரில் பார்வைக் கட்டணம் வேறு, எக்ஸ்றே வேறு, அடைப்பு வேறு. பதியும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: பார்ப்பதற்கு எவ்வளவு, படம் எடுத்தால் எவ்வளவு, அதே நாளில் வேலை செய்வார்களா இன்னொரு நாள் வரவேண்டுமா. இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை, ஒரு பல்லுக்கு நாலு நாள் போனேன். ஒரு பாற்பல்லை அடைக்கும் காசையும், விட்டுவிட்டால் பிறகு நரம்பு வைத்தியத்துக்கோ பல் நேராக்கும் கம்பிக்கோ போகும் காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரியும்.

வீட்டில் “வாயைத் திறக்காட்டி ஊசி போடுவினம்” என்று வெருட்டாதீர்கள். “பல்லை எண்ணப் போறம்” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் அங்கே நடப்பதும் பெரும்பாலும் அதுதான்.

7. ஆறு வயதில் பின்னால் வரும் பல்

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

ஏறத்தாழ ஆறு வயதில் 55, 65, 75, 85 என்ற கடைசிப் பாற்பற்களுக்குப் பின்னால் 16, 26, 36, 46 என்று நாலு நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் வரும். எந்தப் பல்லும் விழாது, ஆடாது, அநேகமாக நோவும் இருக்காது. வெற்று முரசிலிருந்து சத்தமில்லாமல் வரும். அதோடு, இரண்டாம் பாற்கடைவாய்ப்பல் அச்சு அசலாக இந்தப் பல்லின் சிறிய உருவம். பக்கத்தில் பக்கத்தில் ஒரே சாயலில் இரண்டு பல் நின்றால் இரண்டும் ஒரே இனம் என்றுதான் கண் நினைக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உருவத்தை நம்பாதீர்கள், எண்ணுங்கள். நடுக்கோட்டில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று பின்னால் போங்கள். முன்பல் விழுந்த இடைவெளி இருந்தால் அதையும் ஒன்றாக எண்ண வேண்டும். ஐந்தோடு முடிந்தால் இன்னும் வரவில்லை. ஆறாவது இருந்தால் அது விழாத பல்.

வந்து முதல் ஒரு வருடம் அதற்கு மிக இக்கட்டான காலம். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள், பாதிப் பல் முரசுக்குள், வரிசையின் மற்றப் பற்களைவிடத் தாழ்வு. பிரஷ் அதன் மேலே படாமலே போய்விடும். கன்னத்தை விரலால் ஒதுக்கி, பிரஷைக் குறுக்காக உள்ளே விட்டு, அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தீட்டுங்கள். காட்டப் போகும்போது பள்ளங்களை மூடும் பூச்சுப் போடலாமா என்று நீங்களே கேளுங்கள். துளைக்காமல், ஊசி இல்லாமல், சில நிமிடத்தில் போடுவது அது.

சூத்தை விழுந்தால் ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், பல் வெளியே வந்த பிறகும் அதன் வேர் வளர்ந்து நுனி மூட இன்னும் மூன்று வருடமளவு செல்லும். நுனி திறந்திருக்கும் பல்லில் நரம்பு வைத்தியம் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் நேராகச் செய்ய முடியாது. மகளுக்கு நரம்பின் மேல் பகுதியை மட்டும் எடுத்து, கீழே உயிரோடு விட்டு, மூடி வைத்திருக்கிறார்கள். வேர் வளர்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

8. விழத் தொடங்கியதும்

நடு வெட்டும்பற்கள் 6 முதல் 7 வயதில், பக்க வெட்டும்பற்கள் 7 முதல் 8இல், முதலாம் கடைவாய்ப்பற்கள் 9 முதல் 11இல், வேட்டைப்பற்கள் 9 முதல் 12இல், இரண்டாம் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12இல் விழும். ஆடும் பல்லைப் பிள்ளை நாக்கால் ஆட்டட்டும். நூல் கட்டி இழுக்காதீர்கள்.

கீழே பாற்பல் விழாமலே உள்பக்கம் புதுப்பல் இரண்டாம் வரிசையாக வரலாம். பாற்பல் ஆடிக்கொண்டிருந்தால் பொறுத்திருங்கள், அது விழுந்ததும் நாக்கு புதுப்பல்லை முன்னே தள்ளும். கொஞ்சமும் ஆடவில்லை என்றால் காட்டுங்கள்.

விழுந்து அடிபட்டுப் பாற்பல் முழுதாகக் கழன்றால் திருப்பிக் குத்தி வைக்கக் கூடாது, கீழே இருக்கும் முளை பழுதாகும். பல்லை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் போதும். கழன்றது நிரந்தரப் பல் என்றால் நேர்மாறு: வேரைத் தொடாமல் மேல்பகுதியில் பிடித்து, அழுக்கிருந்தால் பாலில் அலம்பி, அந்தக் குழிக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓடுங்கள். வைக்க முடியாவிட்டால் ஒரு குவளைப் பாலில் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையின் முன்பல் இதில் எது என்று அந்த நேரத்தில் முடிவெடுக்க உங்கள் கொப்பிதான் உதவும்.

ஒரு பாற்கடைவாய்ப்பல்லைக் கழட்ட வேண்டும் என்று சொன்னால், “இடத்தைப் பிடித்து வைக்க வளையம் போட வேண்டுமா?” என்று கேளுங்கள். முக்கியமாக 75 மாதிரி ஐந்தாம் பல் என்றால். அது நேரத்தோடு போனால் பின்னாலுள்ள ஆறாம் பல் முன்னே சரிந்து, பிறகு வரும் முன்கடைவாய்ப்பல்லுக்கு வழி அடைபடும்.

விழுந்த பல்லைக் கூரையில் எறிவதற்கு முன் கையில் வைத்து எந்தப் பல் என்று பார்த்து, எண்ணையும் திகதியையும் எழுதிவிடுங்கள். மகள் இப்போது தானே எழுதுகிறாள்: 71, 81, 51, 61. அவளுடைய 75ஐ அடைத்திருக்கிறோம். பத்து வயது தாண்டும்வரை அது நிற்க வேண்டும். முதலாம் திகதி வந்ததும் ரோச்சை அவளே எடுத்துக்கொண்டு வந்து மடியில் தலையை வைக்கிறாள்.